சா போடாத வரி

எங்க வீட்ல யாரும் "சாரமில்ல"ன்னு சொல்லக்கூடாது. கொச்சியில இருந்துக்கிட்டு இப்படி ஒரு சட்டம்! பால்காரன் அதைத்தான் சொல்லுவான், பஸ்ல காலை மிதிச்சவன் அதைத்தான் சொல்லுவான், டம்ளர் உடைஞ்சாலும் அதுதான், கல்யாணம் நின்னு போனாலும் அதுதான். பரவாயில்ல, விட்டுத்தள்ளுன்னு அர்த்தம். மலையாளத்துல பாதி ஆறுதல் அந்த ஒத்தை வார்த்தையிலயே ஓடிக்கிட்டிருக்கு. ஆனா என் நாத்தனார் மஞ்சுஷா முன்னால மட்டும் அதைச் சொன்னா போச்சு. "யாரு சாரமில்லன்னு சொல்றாங்களோ, அங்கதான் போய்ப் பாக்கணும்" அப்படிம்பா, கண்ணாடியை மூக்கு மேல ஏத்திக்கிட்டு. எனக்கு அதனால நஷ்டமில்ல. அந்த வார்த்தை என் நாக்குல என்னைக்கும் வந்ததே கிடையாது. நான் பரவாயில்லன்னுதான் சொல்லுவேன்.

நான் மாயம்மாள். செங்கோட்டைக்காரி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகு குடோன்ல மூட்டை தூக்குற அபிலாஷுக்குக் கழுத்தை நீட்டிட்டு இங்க வந்து சேந்தேன். வந்த அன்னைக்கே மாமியார் காளியம்மை "வெள்ளம் வேணுமா மோளே"ன்னு கேட்டாங்க. வெள்ளம்னா எங்க ஊர்ல ஆத்துல வர்றது. இவங்களுக்கு அது குடிக்கிற தண்ணி. நான் முழிச்ச முழியைப் பாத்து அடக்கமாட்டாம சிரிச்சவ இந்த மஞ்சுஷாதான். அப்ப அவ பாலிடெக்னிக்ல கரண்டு படிச்சிக்கிட்டிருந்தா. ரெண்டு தலைமுறைக்கு முந்தியே இங்க வந்த குடும்பம். வாயில தமிழ் இருக்கும், அதுல பாதி மலையாளமா இருக்கும். எழுதப் படிக்கன்னா மலையாளம் மட்டும்தான். வீட்ல தமிழ் எழுத்து தெரிஞ்ச ஒரே ஆள் நான். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லைன்னு சொல்லமாட்டேன்.

மாமா ராஜப்பனுக்குத் தண்ணி வால்வு திறந்து மூடுற வேலை. தோள்ல நீளமா ஒரு இரும்புச் சாவி, வாயில பீடி, அப்படித்தான் ரோட்டுல போவார். மட்டாஞ்சேரியில எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி, வாயில வைக்க மட்டும் ஒரு சொட்டு கிடையாது. எந்தத் தெருவுக்கு எப்ப திறக்கணும், எப்ப மூடணும்ங்கிறது அவர் கையில. மனுஷன் என்ன செய்வார்னா, எல்லாத் தெரு வால்வையும் நேரத்துக்கு மூடிட்டு எங்க தெரு வால்வை மட்டும் மறந்தவர் மாதிரி விட்டுடுவார். எங்க குழாயில தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும். அடுத்த தெருப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க, மாமா வாசல்ல நின்னு பெருமையா பாத்துக்கிட்டிருப்பார்.

மஞ்சுஷா பள்ளிக்கூடம் போனா, "வால்வு ராஜப்பன் மோளு வருது, குடத்தை ஒளிச்சு வையுங்க"ன்னு கிண்டலாம். அவகூடப் படிச்ச ஒரு பொண்ணு, வீட்ல தண்ணி இல்லாம அழுக்குச் சட்டையோட வந்து டீச்சர்கிட்ட அடி வாங்கியிருக்கா. வாங்கிட்டு வந்து இவ பக்கத்துலயே உக்காந்து ஒண்ணுமே சொல்லலையாம். "திட்டியிருந்தா மறந்திருப்பேன் அண்ணி"ன்னு மஞ்சுஷா என்கிட்ட ஒரு தடவை இல்ல, பல தடவை சொல்லியிருக்கா.

அப்புறம் வேலைக்குப் போய்க்கிட்டே இஞ்சினியரிங்கும் எழுதி முடிச்சா. எர்ணாகுளத்துல ஒரு மாடியில சின்ன ஆபீஸ். அங்க பௌலோஸ் சார்னு ஒருத்தர் முதலாளி. பெரிய கரண்டு ஆபீஸ்காரங்க கேக்கிற கணக்கையெல்லாம் இவங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லணும். காலையில மட்டாஞ்சேரி படகுத்துறையில போட் பிடிச்சுப் போவா, சாயங்காலம் போட்லயே வருவா. வரும்போது ஆபீஸ்ல தீந்துபோன காகிதம் கட்டு கட்டா கொண்டு வருவா. ஓரத்துல ஓட்டை போட்டு மடிப்பு மடிப்பா இருக்குமே, அந்தக் காகிதம். பின்பக்கம் வெள்ளையா இருக்கும். நான் அலமாரித் தட்டுல விரிப்பேன், பொரிச்ச மீனை எண்ணெய் வடிய வைப்பேன்.

ஒரு நாள் சாயா குடிச்சிக்கிட்டே கேட்டா. "அண்ணி, தமிழ்ல 'சா' எப்படி எழுதணும்?"

"எதுக்கு?"

"ஆபீஸ்ல ஒரு அடையாளம் போட. சும்மா சொல்லிக் குடு."

தமிழ் கத்துக்க ஆசை வந்துடுச்சேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். தீப்பெட்டி மேல எழுதிக் காட்டினேன். அவ வளைச்சு வளைச்சுப் பழகினா.

கொஞ்ச நாள் கழிச்சு அலமாரிக்குக் காகிதம் விரிக்கப் போறப்ப அதைப் புரட்டிப் பாத்தேன். வரி வரியா இங்கிலீஷ் அச்சடிச்சிருக்கு, ஒவ்வொரு வரி முடிவுலயும் சிவப்பு மையில சா, சா, சா. நான் எழுதிக் குடுத்த அதே எழுத்து.

"ஏட்டி, யாரைச் சாகச் சொல்லுதே? விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள கொண்டு வந்து வைக்கிற எழுத்தா இது!"

அவளுக்கு ஒண்ணும் புரியல. சான்னா தமிழ்ல செத்துப்போன்னு அர்த்தம்னு சொன்னதும் கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சிட்டா. அப்புறம் சிரிச்சா. "அதல்ல அண்ணி, இது சாரமில்லங்கிறதுக்குச் சுருக்கம்." பௌலோஸ் சார் மலையாளத்துல சா போடுவாராம். பாத்தவங்க யாருன்னு தெரியணுமே, நீ உன் எழுத்துல போடுன்னு இவகிட்ட சொல்லியிருக்கார். ரெண்டு சாவும் விழுந்தாத்தான் ரிப்போர்ட் வெளியே போகும்.

அன்னைக்குத்தான் அவ வேலை என்னன்னு எனக்கு விளங்கிச்சு. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள கேரளத்துக் கம்பி, டேம், ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாத்தையும் கணக்கா ஏத்தி வச்சிருக்காங்க. நிஜத்துல ஒண்ணும் ஆகாது. உள்ளுக்குள்ளயே ஒரு பெரிய லைன் அறுந்து விழுந்ததா வச்சுக்கிட்டு, அடுத்த சில நொடிக்கு என்ன நடக்குதுன்னு ஓட்டிப் பாப்பாங்க. முடிவுல ஒரு படம் வரும். கோடு ஆடி ஆடி அடங்கிட்டா கரண்டு தாங்கும். அடங்கலைன்னா ஊரு பூரா இருட்டு. படம் வர்ற வழியில கம்ப்யூட்டர் என்னென்ன பண்ணிச்சுன்னு வரி வரியா தானே சொல்லிக்கிட்டு வரும். இந்த மெஷின் அளவைத் தாண்டிச்சு, இந்தக் கணக்கு ஒட்டல, இந்த இடத்துக் கரண்டை ரிலேங்கிற சுவிட்ச் தானா வெட்டிச்சுன்னு. அதுக்குப் பேரு மெசேஜ் லாக். அதுல முக்காவாசி ஒண்ணுமில்லாத விஷயம். அதுக்குத்தான் சா.

"படத்தை எல்லாரும் பாப்பாங்க அண்ணி. லாகை யாரும் படிக்கமாட்டாங்க. குழம்பு நல்லா வந்திருக்குன்னு படம் சொல்லும். நீ எத்தனை தடவை தண்ணி ஊத்திச் சரிபண்ணினேன்னு லாக் சொல்லும்."

"நான் ஒண்ணும் தண்ணி ஊத்திச் சரிபண்ணல"ன்னேன் நான். கோபம் வராதா பின்னே!

அவளுக்கு அந்தப் புத்தி வேலையில மட்டுமில்ல. ஒரு தடவை இடக்கொச்சியில இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. பையன் கப்பல் கம்பெனியில வேலை, நல்ல நிறம். ஊர்ல ஏதோ சின்னப் பிரச்சினை இருந்துச்சு, சாரமில்லன்னு அவங்கம்மா பேச்சுவாக்குல சொல்லிட்டுத் தாண்டிப் போகப் பாத்துச்சு. இவ பஜ்ஜித் தட்டை நீட்டிக்கிட்டே, "என்ன பிரச்சினை அம்மச்சி?"ன்னு அங்கயே பிடிச்சா. கேக்கக் கேக்க, அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தது வெளிய வந்துச்சு. நாங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். ஆனா அதுக்கப்புறம் வந்தவங்ககிட்டயும் இப்படியே கிண்டிக் கிளறினா யாரு கட்டுவா? முப்பது தாண்டிடுச்சு, அவ பாட்டுக்கு போட்ல போய்ப் போட்ல வந்துக்கிட்டிருந்தா. மாமியாரும் அந்தக் குறையோடயே கண்ணை மூடினாங்க.

மாமாவுக்கு நெஞ்சு கெட்டது அதுக்குப் பின்னாடி. எல்லாம் பீடி பண்ணின வேலை. ஒரு வாய் பேசினா மூணு தடவை மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில சொல்லி ஆக்ஸிஜன் மெஷின் ஒண்ணு கொண்டு வந்து கட்டில் பக்கத்துல வச்சாங்க. பொட்டி மாதிரி இருக்கும், காத்தை உறிஞ்சி ஆக்ஸிஜனாக் குடுக்கும். எந்நேரமும் ஓடணும், அதுக்குக் கரண்டு வேணும். எங்க பக்கத்துல சாயங்காலமானா பல்பு மஞ்சளடிச்சு மினுங்கும். அப்பல்லாம் மெஷின் கீ கீன்னு கத்தும். மாமா முகம் நீலம் பாஞ்சுக்கிட்டு வரும். நான் மெயின் சுவிட்ச் பக்கத்துல நின்னு சாமியைக் கும்பிடுவேன். அஞ்சு நிமிஷம் கரண்டு போனாத் தாங்குவார். அதுக்கு மேல போனா கஷ்டம்னு டாக்டர் எங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தார். அதனால எங்க வீட்ல கரண்டுன்னா அது வெளிச்சமில்ல, மாமாவோட மூச்சு.

ரெண்டாயிரத்து ரெண்டுல, மழைக்கு முன்னாடி, மஞ்சுஷா ஒரு சாயங்காலம் வந்து உக்காந்தா. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வச்சேன், தொடவேயில்ல. அவளுக்குக் கப்பைன்னா உசுரு.

"எந்தா மோளே?"ன்னேன். எனக்கும் வரும் ரெண்டு வார்த்தை.

முதல்ல மழுப்பினா. விடுவேனா? கடைசியில பையில இருந்து அந்த மடிப்புக் காகிதத்தை எடுத்து என் முன்னால விரிச்சா. கொச்சிக்குக் கரண்டு கொண்டு வர்ற பெரிய லைன் ஒண்ணு விழுந்துட்டா என்ன ஆகும்னு ஓட்டிப் பாத்திருக்காங்க. படம் அழகா அடங்கியிருக்கு. கொச்சி தாங்கும்னு வந்திருக்கு. பௌலோஸ் சாருக்குப் பரம சந்தோஷம். லாக்ல எல்லா வரிக்கும் சா போட்டு இவ மேசைக்கு அனுப்பிட்டார்.

"இந்த வரி மட்டும் பாரு." விரல் வச்ச இடத்துல மலையாளச் சா ஒண்ணு இருந்துச்சு. பக்கத்துல இவளோட எழுத்து இல்ல.

"என்ன எழுதியிருக்கு?"

"வோல்டேஜ் விழுந்ததும் ஒரு சப்ஸ்டேஷனை ரிலே வெட்டிவிடும். அதை வெட்டினதாலதான் மத்த ஊரெல்லாம் தாங்குது. அது நம்ம சப்ஸ்டேஷன் அண்ணி."

எனக்கு ஒரு நிமிஷம் மண்டையில ஏறல. ஏறினதும் கட்டிலைத்தான் பாத்தேன். மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

"இது கம்ப்யூட்டருக்குள்ளதானே?"ன்னேன்.

"இந்த ரிப்போர்ட் போனா அந்த ரிலேயை அங்க நிஜமாவே மாட்டுவாங்க. லைன் விழுற அன்னைக்கு முதல்ல நம்மளைத்தான் வெட்டிவிடும். திரும்ப எப்ப வரும்னு சொல்லமுடியாது."

"வேற இடத்தை வெட்டச் சொல்லேன்!"

அவ தலையைக் குனிஞ்சா. அப்பவே புரிஞ்சுது, அதையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வந்திருக்கான்னு. எங்க பக்கத்தை விட்டுட்டு வைப்பின் தீவுப் பக்கம் வெட்டினாலும் கோடு அடங்குதாம். ஆனா வைப்பின் மட்டும் பத்தாது, அதோட இன்னும் சில ஊரையும் சேத்து வெட்டணும். எங்க பக்கம்னா ஒரு வரியில முடிஞ்சிடும். பௌலோஸ் சாருக்கு எதுவானாலும் ஒண்ணுதான். "நீ எதை வேணா எழுது மஞ்சுஷே, சாரமில்ல, படம் நல்லா இருந்தா போதும்"ன்னுட்டாராம்.

"அப்ப என்னட்டி யோசனை? வைப்பின்னு எழுதிட்டுப் போ! உன்னை யார் கேக்கப் போறா?"

"அங்கயும் ஒரு வீட்ல இந்த மெஷின் ஓடிக்கிட்டிருக்கும் அண்ணி."

"ஓடட்டும்! அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இவரை எனக்குத் தெரியும். இவருக்குக் கஞ்சி ஊத்துறது நான், முதுகு தடவிவிடுறது நான். நீ போட்ல ஏறிப் போயிடுவே, கரண்டு போனா முழிச்சுக்கிட்டு நிக்கிறது நான்தானே!"

"அதிகம் வீட்டை வெட்டி நம்ம வீட்டைக் காப்பாத்தச் சொல்றியா? அப்பா பண்ணினதை நானும் பண்ணணுமா? நம்ம தெரு வால்வை மட்டும் திறந்து வைக்கணுமா?"

"ஆமா, பண்ணு! பெத்த அப்பனுக்கு மேல உனக்கு என்னடி நேர்மை வேண்டிக்கிடக்கு!"

சத்தம் போட்டுட்டேன். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். ஆனா அன்னைக்குச் சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப எடுத்துக்கமாட்டேன். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

கட்டில்ல இருந்து மாமா கையைத் தட்டினார். "எந்தா... ரெண்டு பேரும்... அடிச்சுக்கிறீங்க?" நான் அடக்கமாட்டாம எல்லாத்தையும் கொட்டிட்டேன். உங்க மக உங்க மூச்சை வெட்டி எழுதப் போறான்னு. மஞ்சுஷா "அண்ணி!"ன்னு கத்தினா. மாமா கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டார். அப்புறம் அவர் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு.

"வெட்டட்டும்" அப்படின்னார். "ராஜப்பனுக்கு... பேடியா? நான் மூடாத வால்வா?"

பேடின்னா இவங்களுக்குப் பயம். வீராப்புக்குக் குறைச்சலில்ல. மஞ்சுஷா எழுந்து போய் அவர் காலடியில உக்காந்துக்கிட்டா. கப்பை ஆறிப்போச்சு.

மறுநாள் காலையில புறப்படும்போது அடுக்களைக்கு வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. "அண்ணி, அந்த வரிக்கு என்னால சா போட முடியாது. ரெண்டாவது அடையாளம் இல்லாம ரிப்போர்ட்டும் போகாது. வேற எழுத்து சொல்லிக் குடு."

"எனக்கு வேற எழுத்து தெரியாது"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

"கண்டுன்னு எழுதணும். நான் அதைக் கண்டுன்னு."

அவ அப்படி நின்னதைப் பாத்ததும் என் வைராக்கியம் போயிடுச்சு. பெத்தவ இருந்திருந்தா அணைச்சிருப்பா. "தமிழ்ல கண்டேன்னு வரணும்"னு சொல்லி, பழைய காலண்டர் தாள்ல எழுதிக் குடுத்தேன். அதை மடிச்சுக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் போட்டுக்கு ஓடினா.

அன்னைக்குச் சாயங்காலம் வந்து சொன்னா. அந்த வரியில கண்டேன்னு போட்டு, எங்க பக்கம்னே எழுதிட்டாளாம். ஆனா சும்மா விடல. இந்த இடத்து ஜனங்களை இருட்டுல விட்டுத்தான் மத்த ஊரு தாங்குது, அங்க வீட்ல மெஷினை நம்பி இருக்கிற நோயாளிகளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேணும்னு ரிப்போர்ட்ல எழுதியே தீரணும்னு பௌலோஸ் சாரோட மல்லுக்கு நின்னிருக்கா. இதையெல்லாம் யாரு படிக்கப் போறான்னு அவர் தலையில அடிச்சுக்கிட்டாராம். கடைசியில, நோயாளின்னு சொல்லாம, எந்த இடம் வெட்டுப்படும்னு மட்டும் ஒரே ஒரு வாக்கியம், கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல போட ஒத்துக்கிட்டாராம்.

நான் அவகூட ஒரு வாரம் சரியாப் பேசல. சோறு போடுவேன், முகம் பாக்கமாட்டேன். அவ ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒண்ணைக் கொண்டு வந்து கட்டில் தலைமாட்டுல நிறுத்தினா. கரண்டு போனா எப்படித் திறக்கணும், முள்ளு எங்க நிக்கணும், குழாயை எப்படி மாத்தணும்னு எனக்குப் பத்துத் தடவை செஞ்சு காட்டினா. நான் வேணும்னே தப்பாச் செஞ்சு அவளை வெறுப்பேத்தினேன். அவ கோவிச்சுக்கவேயில்ல, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்தச் சிலிண்டரைத் திறக்க ஒரு சின்ன ஸ்பேனர் உண்டு. ஆணியில மாட்டி வச்சிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா ஆணியில இல்ல. வீடெல்லாம் தேடினேன். கடைசியில மாமாவுக்குத் தலகாணி உறை மாத்தும்போது அடியில கிடந்துச்சு. எடுத்து ஆணியில மாட்டினேன். மறுநாள் திரும்பவும் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. பேடியான்னு கேட்ட மனுஷன்! நான் மஞ்சுஷாகிட்ட சொல்லல. தலகாணிக்கு அடியிலேயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

சொன்னபடியே ரிலேயை மாட்டிட்டாங்கன்னு மஞ்சுஷா வந்து சொன்னா. ஒரு மழை போச்சு, ஒண்ணும் ஆகல. சாதாரணமா கரண்டு போகும், வரும், சிலிண்டரைத் திறப்பேன், மூடுவேன். கை பழகிடுச்சு. நானும் கோபத்தையெல்லாம் விட்டுட்டேன், பழையபடி அவளுக்குக் கப்பை வேகவச்சுப் போட்டேன். அவ மட்டும் இடி இடிச்சா சோத்துல கையை வச்சபடி பல்பையே பாத்துக்கிட்டிருப்பா.

அடுத்த வருஷம் ஆடி மழை. மத்தியானம், என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கப் போயிருந்தார், மஞ்சுஷா ஆபீஸ்ல. மாமாவுக்குக் காலையில இருந்தே முடியல, கஞ்சி இறங்கல. வானம் கறுத்துக்கிட்டு அடிக்குது. பல்பு ஒரு தரம் மங்கிச்சு. வழக்கமா மங்கினா மினுங்கிக்கிட்டு நிக்கும். இந்தத் தடவை அப்படி இல்ல, யாரோ கையால அணைச்ச மாதிரி பட்டுன்னு போச்சு. மெஷின் ஒரு கத்துக் கத்திட்டு நின்னுடுச்சு.

நான் தலகாணிக்கு அடியில கையை விடுறதுக்குள்ள மாமாவே ஸ்பேனரை எடுத்து நீட்டினார். நான் மாட்டித் திருப்புறேன், அவசரத்துல எதிர்ப்பக்கமாத் திருப்பிட்டேன் போல, அது அசையல. மாமா படுத்தபடியே விரலைச் சுத்திக் காட்டினார், இந்தப் பக்கம்னு. திருப்பினேன், உஸ்ஸுன்னு வந்துச்சு. குழாயை மாத்தினேன். முள்ளு சரியான இடத்துல நின்னுச்சு. எல்லாம் அவ சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சேன், ஒண்ணுகூடத் தப்பல.

விசிறியை எடுத்து வீசிக்கிட்டே பக்கத்துல உக்காந்தேன். ஓட்டு மேல மழை கொட்டுது. மாமா என்னைப் பாத்தார், கொஞ்சம் பரவாயில்லங்கிற மாதிரி தலையை ஆட்டினார். நான் ஏதோ பேசிக்கிட்டிருந்தேன், பேசாம இருந்தா பயமா இருந்துச்சு. தெரு வால்வு கதையெல்லாம் சொன்னேன். ஒரு கட்டத்துல பதில் தலையாட்டல் வரல. பிடிச்சிருந்த கை தானா விரிஞ்சிடுச்சு. சிலிண்டர் உஸ்ஸுன்னு போய்க்கிட்டே இருக்கு.

கரண்டு இருந்திருந்தா இருந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட அப்புறம் கேட்டேன், அவரும் கையை விரிச்சிட்டார். சிலிண்டர்ல காத்து இருந்துச்சு, அவர் நெஞ்சுலதான் பலமில்ல. இப்படிச் சொல்லிக்கிட்டா மனசு ஆறணுமே, ஆறலையே.

மாமா கையை நான் இன்னும் விடல, அதுக்குள்ள போன் அடிச்சுது. கரண்டு இல்லாட்டியும் அந்த போன் அடிக்கும்.

"அண்ணி, அங்க போச்சு இல்ல?" மஞ்சுஷாதான். ஓடி வந்தவ மாதிரி மூச்சு வாங்குறா. "இங்க ட்யூப் லைட் ஒரு தரம் மங்கிட்டுத் திரும்பவும் பளிச்சுன்னு வந்துடுச்சு. பாத்ததுமே தெரிஞ்சுது, நம்மளை வெட்டிடுச்சுன்னு. அப்ப இருந்து அடிக்கிறேன், இப்பத்தான் லைன் கிடைச்சுது. சிலிண்டர் திறந்தாச்சா?"

"திறந்தாச்சு."

"முள்ளு?"

"சரியா நிக்குது."

"அப்பா?"

நான் கட்டிலைப் பாத்தேன். இந்த மழையில அவ ஒத்தையில படகுத்துறைக்கு நடக்கணும். போட்ல அத்தனை பேருக்கு நடுவுல உக்காந்து வரணும். கரை சேர்ற வரைக்குமாவது அவளுக்குத் தெரியவேண்டாம், பாவம், வந்து அழட்டும்னு நினைச்சேன். பரவாயில்லன்னுதான் சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருஷமா வராத வார்த்தை வந்துடுச்சு.

"சாரமில்ல மோளே. நீ மெல்ல வா."

அந்தப் பக்கம் ஆபீஸ்ல யாரோ சிரிச்சுப் பேசுறாங்க, ஃபேன் ஓடுது, அது கேக்குது. அவ மூச்சுகூடக் கேக்கல. அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டா.

"எப்ப அண்ணி?"